ஜானகி அம்மாள்

மா, வேம்பு முதலிய மரங்களின் தண்டு ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே வரும். புல்லினத்தைச் சார்ந்த கரும்பின் தண்டு அத்தகையதன்று. அது கணுவுக்குக் கணு நீண்டு உயரும். முற்றிய கணுவிடை பின்னர் நீள்வதுமில்லை, பருப்பதுமில்லை. இலைகள் ஆக்கும் சர்க்கரை அத்தண்டிலேயே தங்குவதால் கரும்பு இனிக்கின்றது. கணுவிலுள்ள பருவே முளைத்துப் புதுப்பயிராகும். ஆதலின் உழவர் கரணை நட்டுக் கரும்பு பயிரிடுவர். கரணையினின்று எழும் பயிர் தாய்க்கரும்பை முற்றிலும் ஒத்திருக்கும். தாயின் குறைகளும் அதனைத் தொடரும். புதுவகை வேண்டுமாயின் பூவையும் விதையையுமே நாடவேண்டும். அத்துறையில் அரும்பணி ஆற்றியவர்களுள் ஒருவர் ஜானகி அம்மாள்.

அவர் 1897-ஆம் ஆண்டில், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தலைச்சேரியில் பிறந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த அக்காலத்தில் கடல் கடந்து சென்று, 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934-இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். அங்குப் பார்பர், வெங்கட்ராமன் என்னும் அறிஞர் இருவர் பருத்த கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து புதுவகைகளை முன்னரே தோற்றுவித்திருந்தனர். நாணலின் தண்டு மெலிந்தது, சுவையற்றது, எவரும் விரும்பாதது. ஆயினும் வறட்சியையும் நோயையும் தாங்கும் உரம் அதற்கு உண்டு. இனிமையும் உரமும் ஒரே தண்டில் எவ்வாறு கூடுகின்றன? அம்மையார் அதற்குரிய விடையை உயிரணுவினுள் தேடினார். மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்களை நுண்பெருக்கியின் கீழ் எண்ணினார். பருத்த கரும்பில் அவை எண்பது. நாணலிலோ இடத்துக்கு இடம் எண்ணிக்கை வேறுபட்டது. களையென இகழப்பட்ட அப்புல்லினுள் இத்துணை வேறுபாடுகள் பொதிந்திருந்தன! கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த அரிய பயிர் ஒன்றையும் அவர் ஆராய்ந்து 1938-இல் வெளியிட்டார்.

பின்னர் இங்கிலாந்து சென்ற அவர், விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளின் வளர்நுனியில் கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருளைத் துளித்துளியாக இட்டார். நம் செங்காந்தட் கிழங்கிலும் உள்ள பொருள் அது. வளர்நுனியின் உயிரணுக்களே தண்டையும் இலையையும் பூவையும் ஆக்குவன. அவற்றில் குரோமோசோம்கள் இரட்டித்தமையால் தடித்த இலைகளும் அகன்ற இதழ்களும் தோன்றின. ஒரு மக்னோலியா வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத்துறையைத் திருத்தியமைக்கும் பணியை மேற்கொண்டார். 1970-இல் சென்னையை அடுத்த மதுரவாயலில் குடியேறினார். இன்று தாம்பரத்தின் அருகிலிருந்து வரும் புறவழிச்சாலை அவ்வூரைத் தொட்டுச் செல்கின்றது. அங்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடத்தில், முதுமையையும் பொருட்படுத்தாது மூலிகைச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். காட்டுப் புல்லின் அருமையை உணர்ந்த அவருக்கு, கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்குக் காடு அணையில் மூழ்கவிருந்த செய்தி பெருங்கவலை அளித்தது. எண்பது வயதைக் கடந்த நிலையிலும் அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கிட முனைந்தார்.

1984 பிப்ரவரி 7-ஆம் நாள் அம்மையார் மதுரவாயலில் காலமானார். அணைத்திட்டம் கைவிடப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.