கதவைத் திறந்துவைத்து ஜெபித்தவர்

எமது சங்கத்தின் நூற்றாண்டு நிறைவுறும் இவ்வேளையில், இந்தியப் பெண்களின் கல்விக்காக உழைத்த பண்டித ரமாபாயின் வாழ்வை, சிறப்பாக அவருடைய ஜெப வாழ்வை, நினைவுகூர விரும்புகின்றோம்.

1858 ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலே, கங்காமூலா என்னுமிடத்தில் பிராமணக் குடும்பமொன்றில் ரமாபாய் பிறந்தார். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் தகாது என்றோரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது தந்தையார் தம் மனைவிக்கு அதனைக் கற்பித்தார். தாயார் மகளுக்குக் கற்பித்தார். தலந்தோறும் நடந்து புராணம் படிப்பதே அவர்கள் பிழைப்பு. 1870களின் பஞ்சத்தில் கையிருப்பெல்லாம் தீர்ந்தது. விரதமும் நேர்த்தியும் குறைவின்றி நடந்தபோதும், தந்தையும் தாயும் தமக்கையும் மாண்டனர். எஞ்சிய தமையனோடு 1878 இல் கல்கத்தாவை அடைந்த ரமாபாய்க்கு அங்குள்ள அறிஞர்கள் பண்டிதா, சரஸ்வதி என்னும் பட்டங்களை அளித்தனர். உள்ளமோ வெறுமையாகவே இருந்தது.

1880 இல் மணம் புரிந்தார். 1882 இல் கணவரை இழந்தார். கைக்குழந்தை மனோரமாவுடன் மறு ஆண்டு இங்கிலாந்து சென்று, அங்கே ஞானஸ்நானம் பெற்றார். மருத்துவம் கற்கும் ஆசைக்குச் செவிப்புலன் குறைவு தடையாயிற்று. பின் அமெரிக்காவில் நண்பர்களின் உதவியைத் திரட்டி, 1889 இல் பம்பாயில் விதவைகளுக்கென சாரதா சதன் என்னும் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது பூனாவுக்கு மாறியது.

ஞானஸ்நானம் பெற்று ஆண்டுகள் பல கடந்தும், கிறிஸ்துவின் மார்க்கத்தை அறிந்த அளவுக்குக் கிறிஸ்துவைத் தாம் அறியவில்லை என்பதை அவர் உணர்ந்தார். 1891 அளவில் தம்மை முழுவதுமாக ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார். அதற்குச் சோதனையும் விரைவில் வந்தது. சதனில் எவரையும் மதம் மாற்றுவதில்லை என்பது ஏற்பாடு. ரமாபாய் எவரையும் அழைக்கவில்லை. எனினும் தம் அறையில் ஜெபிக்கும்போது கதவை மூடவுமில்லை. மாணவியர் சிலர் தாமாகவே வந்து அமர்ந்தனர். 1893 இல் ஆலோசகர்கள் விலகினர். பெற்றோர் பலர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். பெற்றோரின் அச்சம் நமக்கும் விளங்குகின்றது. ஆயினும் பள்ளியே போய்விடக்கூடிய வேளையிலும், ஒளித்து ஜெபிக்க அவர் இணங்கவில்லை.

1896 இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவிற்று. இளமையில் தாம் கண்ட பசி அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. ஜெபித்தெழுந்து நேரே அங்கு சென்றார். ஏறக்குறைய 300 பெண்களையும் சிறுமியரையும் மீட்டு வந்தார். கேட்காவில் அவர்களுக்காக எழுந்ததே முக்தி இல்லம். எழுத்துடன் நெசவும் அச்சுவேலையும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1905 இன் தொடக்கத்தில் சிறு குழுவாகக் கூடிய ஜெபக்கூட்டம், ஜூன் அளவில் நாளுக்கு இருமுறை 550 பேர் கூடுமளவுக்கு வளர்ந்தது.

1921 இல் மனோரமாவும் இறந்தார். துயரத்தின் நடுவிலும், எளிய மக்களுக்கென வேதாகமத்தை மராத்தியில் பெயர்க்கும் பணியை ரமாபாய் விடவில்லை. அதனை முடித்து, 1922 ஏப்ரல் 5 ஆம் திகதி கண்மூடினார்.

சைவராயினும் கிறிஸ்தவராயினும், காலை வணக்கத்துடன் பள்ளி நாளைத் தொடங்கப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் முழு இருதயத்தின் செயலாவது எப்போது என்பதை ரமாபாயின் வாழ்வு சொல்லுகின்றது. அவர் கடவுளிடம் திரும்பிய போதெல்லாம், பசித்த பெண்ணொருத்தியின் பக்கமும் திரும்பினார். உலகெங்கும் சிதறி வாழும் எம் சகோதரிகளே, நமது ஜெபமும் அவ்வாறே அமைவதாக.