திப்புவின் கூடாரம் வேல்ஸ் கோட்டைக்குப் போனது எப்படி? ஹென்ரியெட்டா கிளைவின் கதை

வேல்ஸில் வெல்ஷ்பூல் ஊருக்குப் பக்கத்தில், சிவப்புக் கல்லில் எழும்பி நிற்கிறது போவிஸ் கோட்டை. 13ஆம் நூற்றாண்டில் ஒரு வேல்ஸ் சிற்றரசர் கட்டியது. அதற்குள்ளே மைசூர் திப்பு சுல்தானின் பூப்போட்ட துணிக் கூடாரம் இருக்கிறது. எங்கேயிருந்து எங்கே!

இதற்கான பதில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறது. 1587 முதல் கோட்டை ஹெர்பர்ட் குடும்பத்தின் சொத்து. அந்த வீட்டில் 1758இல் பிறந்தவர் ஹென்ரியெட்டா. பட்டம், பெருமை எல்லாம் இருந்தது, கையில்தான் காசில்லை. அண்ணன் ஜார்ஜ் கடனில் மூழ்க, கோட்டையும் பாழாகிக்கொண்டிருந்தது. 1784இல் ஹென்ரியெட்டா மணந்தது எட்வர்ட் கிளைவை. ஆமாம், ஆற்காடு, பிளாசி என்று நாம் பள்ளியில் படித்த ராபர்ட் கிளைவின் மகன். இந்தியாவில் சேர்த்த பணம் இப்படித்தான் வேல்ஸ் மாளிகைக்கு வழி கண்டுபிடித்தது.

1798இல் எட்வர்ட் சென்னை கவர்னரானார். மனைவி, இரண்டு மகள்களோடு வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு கொல்லப்பட்டார். அவரது சிம்மாசனத்தையே துண்டு துண்டாக உடைத்துப் பங்கு போட்டார்கள். அதிலிருந்த ரத்தினம் பதித்த தங்கப் புலித்தலை ஒன்று ஹென்ரியெட்டாவின் கைக்கு வந்தது. கூடாரமும் கிளைவ் குடும்பத்துக்கே போனது.

அவர் சும்மா கவர்னர் மனைவியாக உட்கார்ந்திருக்கவில்லை. பாரசீகம் படித்தார், செடிகளும் கற்களும் சேகரித்தார். 1800இல் மகள்களை அழைத்துக்கொண்டு பெங்களூர், மைசூர், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஏழு மாதம், 1,000 மைலுக்கு மேல் சுற்றினார். கணவர் கூட வரவில்லை. 12 வயது மகள் சார்லட் இந்தப் பயணத்தை நாட்குறிப்பாக எழுதினாள். பின்னாளில் இளவரசி விக்டோரியாவுக்கு ஆசிரியை ஆனது இந்தப் பெண்தான்.

இன்னொரு பக்கம், இதே கிளைவ் ஆட்சியில்தான் கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். கர்நாடக நவாபின் ஆட்சியும் 1801இல் கம்பெனி கைக்குப் போனது.

அதே 1801இல் வாரிசில்லாமல் ஜார்ஜ் இறந்தார். கோட்டை ஹென்ரியெட்டாவின் மூத்த மகனுக்கு வந்தது. ஒரே நிபந்தனை, கிளைவ் என்ற பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆக வேண்டும். 1807இல் மாற்றிக்கொண்டார். ஹென்ரியெட்டா 1830இல் காலமானார்.

திப்புவின் போர்க்களக் கூடாரம் அதன்பிறகு போவிஸ் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் பயன்பட்டது. 1952 முதல் கோட்டை நேஷனல் டிரஸ்ட் வசம். கூடாரமும் புலித்தலையும் இப்போதும் அங்கேதான்.