குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன்

வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் வீரர்களைக் கற்பனையில் மோதவிட்டு, வெல்பவர் யார் என வாதிடுவது குத்துச்சண்டை ரசிகர்களின் வழக்கம். அத்தகைய கற்பனை ஒன்று, ஜாக் ஜான்சன் வாழ்வில் மெய்யாகவே களம் ஏறியது.

1878இல் அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரில், அடிமைத்தளையினின்று விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். அன்றைய உலகச் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸ், கறுப்பருடன் பட்டத்திற்காக மோத மறுத்து, தோல்வியறியாமலே 1905இல் விலகினார். பின்வந்த டாமி பர்ன்ஸை ஜான்சன் நாடுநாடாகத் தொடர்ந்து சென்று, 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் வென்றார். அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பரானார்.

வெள்ளையர் மனம் ஒப்பவில்லை. ஜெஃப்ரீஸ் இருந்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா என்றனர். அவரையே வற்புறுத்தி அழைத்தும் வந்தனர். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில், 15ஆம் சுற்றில் ஜெஃப்ரீஸ் வீழ்ந்தார். அன்றிரவு பல நகரங்களில் கறுப்பர் தாக்கப்பட்டனர், உயிரிழந்தோரும் பலர்.

களத்தில் வெல்ல இயலாதவரை நீதிமன்றம் வென்றது. வெள்ளைப் பெண்ணுடன் மாநில எல்லை கடந்தார் என 1913இல் தண்டித்தனர். நாட்டை விட்டு வெளியேறிய ஜான்சன், 1915இல் ஹவானாவில் பட்டமிழந்தார். 1920இல் திரும்பிச் சிறை புகுந்தார். 1946இல் கார் விபத்தில் மறைந்தார். அரசின் மன்னிப்பு வந்தது 2018இல்தான்!

குறையற்றவரல்லர் அவர். சாம் லாங்ஃபோர்ட் என்னும் கறுப்பு வீரருக்குப் பட்டப்போட்டி வாய்ப்பை அவரும் அளிக்கவில்லை.

1967இல் கணிப்பொறி கொண்டு வானொலியில் நடத்திய கற்பனைப் போட்டியில் முகமது அலி தோற்றதாக அறிவித்தனர். அலி வழக்குத் தொடுத்தார். அதில் அலியை வென்றவராகக் காட்டப்பட்டவர், ரீனோவில் வீழ்ந்த அதே ஜெஃப்ரீஸ்.