இளையோருக்கு விளக்கேந்திய இளம்பெண்



சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டில் 1894ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திரு இருதயப் பள்ளியை அறியாதார் நம்முள் இலர். அதனைத் தொடங்கிய குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியரையும் நாம் அறிவோம். ஆனால் அச்சபையை நிறுவிய அன்னை ஆன் மரி ஜவுவேயைப் பற்றிக் கேட்டால், படத்தில் கண்ட முதிய தாயின் முகம்தான் நம்மில் பலருக்கு நினைவில் வரும். அந்த அன்னை தம் பணியைத் தொடங்கியது முதுமையில் அன்று, நம்முடைய வயதில்! ஆகவே அவரது வாழ்வை இங்குச் சற்றே நோக்குவோம்.

1779ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், ஓர் உழவர் குடும்பத்தில் ஆன் மரி பிறந்தார். தந்தை பெயர் பல்தசார் ஜவுவே. ஷாம்பிளான் என்னும் சிற்றூரில் அவர் வளர்ந்தார். வீட்டார் அவரை நானெட் என்று செல்லமாக அழைத்தனர். வயலும் மாடும் உள்ள வீடு, வேலைக்குக் குறைவில்லை. துடிப்பும் கலகலப்பும் நிறைந்த பெண் அவர்.

அவருக்கு 9 வயதானபோது, 1789இல், பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. சில ஆண்டுகளில் அதன் சீற்றம் திருச்சபையின் மீது பாய்ந்தது. அரசு கேட்ட உறுதிமொழியைக் கொடுக்க மறுத்த குருக்கள் வேட்டையாடப்பட்டனர். ஆலயங்கள் மூடப்பட்டன. மறைக்கல்வி சொல்லித் தர எவரும் இல்லை. அக்காலத்தில் ஒரு குருவுக்கு ஒளிய இடம் கொடுத்தாலே உயிருக்கு ஆபத்து.

அந்நாட்களில்தான் நானெட் என்ற சிறுமி துணிந்து எழுந்தாள். மறைந்து வாழ்ந்த குருக்களுக்கு உதவினாள். இரவில் அவர்கள் இரகசியமாகத் திருப்பலி நிறைவேற்றும்போது வெளியே காவல் நின்றாள். ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி ஞானோபதேசம் கற்பித்தாள். அவளிடம் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. தான் அறிந்ததை அறியாதவருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஏக்கம் ஒன்றே இருந்தது. பெரியவர்கள் வந்து செய்யட்டும் என்று அவள் காத்திருந்தால், அந்த ஊர்ப் பிள்ளைகளின் தலைமுறை செபம் என்ன என்று அறியாமலே வளர்ந்திருக்கும்.

1798ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், வீட்டில் இரகசியமாக நடந்த திருப்பலியில், 19 வயது நிரம்பிய ஆன் மரி தம்மை இறைவனுக்கு அர்ப்பணித்தார். தந்தைக்கோ இது முதலில் உவப்பாக இல்லை. மகளுக்குத் திருமணம் செய்து வைக்கவே அவர் விரும்பினார். பெற்றோரின் அன்புக்கும் இறைவனின் அழைப்புக்கும் இடையே நிற்பது எவ்வளவு கடினம் என்பதை நம்முள் சிலர் அறிவோம். ஆன் மரி பொறுமையோடும் பாசத்தோடும் தந்தையின் மனத்தை மாற்றினார். அத்தந்தையே பின்னர் அவருக்குத் துணை நின்றார். அவருடைய 3 சகோதரிகளும் அக்காளைப் பின்பற்றித் துறவற வாழ்வில் நுழைந்தனர்.

1800ஆம் ஆண்டு பெசான்சோன் நகரில் ஒரு மடத்தில் இருந்தபோது, பல நிறத்துக் குழந்தைகள் தம்மைச் சூழ்ந்து நிற்பதை ஆன் மரி காட்சியில் கண்டார் என்பது வரலாறு. அப்பிள்ளைகள் எந்த நாட்டினர் என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை. ஆயினும் அக்காட்சியை அவர் மறக்கவில்லை. 1807ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், ஷாலோன் நகரின் புனித இராயப்பர் ஆலயத்தில், அவரும் சகோதரியரும் தோழியரும் ஆக 9 பேர் துறவற உடை பெற்றனர். 1812இல் குளூனி நகரில் ஒரு பழைய மடத்தை வாங்கிக் குடியேறினர். அந்த ஊரின் பெயரே சபைக்கும் நிலைத்தது.

அதன்பின் கடல்கள் அவருக்கு வாசற்படிகள் ஆயின. 1817இல் ரெயூனியன் தீவுக்கும், 1819இல் ஆப்பிரிக்காவின் செனகலுக்கும் கன்னியர் சென்றனர். 1822இல் அன்னையும் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கினார். காட்சியில் கண்ட பிள்ளைகளை அங்கே நேரில் கண்டார்!

அவர் அங்குச் செய்ய நினைத்தது அக்காலத்தவருக்குப் புதுமையாக இருந்தது. ஆப்பிரிக்க இளைஞருக்கு வழிகாட்ட ஆப்பிரிக்க இளைஞரே எழ வேண்டும் என்றார் அவர். ஆகவே செனகலிலிருந்து சிறுவர் சிறுமியரைப் பிரான்சுக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். ஆனால் குளிரும் நோயும் அப்பிள்ளைகளை வாட்டின. பலர் இறந்தனர். தாய்மார் நம்பி அனுப்பிய பிள்ளைகளைத் தம் கையாலே அடக்கம் செய்யும் நிலை எந்தத் தாயுள்ளத்தைத்தான் உடைக்காது? நல்ல எண்ணத்தோடு செய்த முயற்சிக்கு இத்துணை பெரிய விலையா என்று நமக்கும் மனம் கலங்குகிறது. அன்னை மனம் தளரவில்லை. எஞ்சியவர்களைத் தெற்கே சற்று வெப்பமான லிமூ நகருக்கு மாற்றிப் படிப்பைத் தொடரச் செய்தார். 1840இல் அவர்களுள் மூவர் குருப்பட்டம் பெற்றனர்: தாவீது புவாலா, அர்சேன் பிரிதுவால், ஜான் பியேர் மூசா.

அந்த இனிய நாளைக் காண அன்னை அங்கில்லை. அப்போது அவர் தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் மானா என்னும் காட்டுப் பகுதியில் இருந்தார். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஏறக்குறைய 500 ஆப்பிரிக்கர்களை விடுதலை வாழ்வுக்குப் பழக்கும் பொறுப்பை அரசு அவரிடம் ஒப்படைத்திருந்தது. சாட்டைக்கு அங்கு இடமில்லை. செபமும், எழுத்தும், பயிர்த்தொழிலும், குடும்ப வாழ்வும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. 1838ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் 185 பேர் விடுதலை பெற்றனர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனம் முற்றிலும் ஒழிந்ததோ 1848இல்தான்.

தோழியரே, நன்மை செய்தவருக்குப் புகழ் மட்டும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சபையின் நிர்வாகம் பற்றி ஓத்தேன் ஆயருக்கும் அன்னைக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. அதன் விளைவாகக் கயானாவில் ஏறக்குறைய 2 ஆண்டுகள் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. சிறுமியாக இருந்தபோது உயிரைப் பணயம் வைத்துத் திருப்பலிக்குக் காவல் நின்றவர், முதுமையில் திருப்பலியில் நற்கருணை பெற முடியாமல் நின்றார்! ஆயினும் அவர் திருச்சபையை விட்டு விலகவில்லை, எவரையும் பகைக்கவில்லை. அவ்வாயர் 1851இல் இறந்தபோது அவருக்காக வேண்டிக்கொண்டார். சில நாட்களில், ஜூலை 15ஆம் நாள், அன்னையும் பாரிசில் இறைவனடி சேர்ந்தார். 1950ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

அன்னை இந்தியாவுக்கு வந்ததில்லை. அவர் அனுப்பிய கன்னியர் 1827இல் புதுச்சேரியில் கால் பதித்தனர். அங்குத் தொடங்கிய பணிதான் தமிழகத்தின் பல ஊர்களுக்கும் பரவி, காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த நம் மலைக்கும் ஏறி வந்தது.

இவ்வாழ்விலிருந்து நாம் கற்பது யாது? இளையோரை விசுவாசத்தில் வளர்ப்பது குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டுமே உரிய வேலை என்று நாம் எண்ணுகிறோம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும், மரியாயின் சேனைக் கூட்டத்திலும் கேட்கும் இடத்திலேயே அமர்ந்துவிடுகிறோம். நானெட் அப்படி அமரவில்லை. தான் முழுமையாகக் கற்றபின் கற்பிக்கலாம் என்று காத்திருக்கவுமில்லை. ஒரு சிறுமிக்குச் செபமாலை சொல்லக் கற்றுக் கொடுக்கும் பெரிய வகுப்பு மாணவி, அவளைவிடத் தானே அதிகம் கற்கிறாள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லித் தருபவள், அன்பைப் பற்றிய பத்துப் பிரசங்கங்கள் தராத பாடத்தைப் பெறுகிறாள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகள் நற்பணிக்காக ஒரு மணி நேரம் கேட்டால், படிப்பு கெடும் என்று அஞ்சித் தடுக்காதீர்கள். பல்தசார் ஜவுவே தம் மகளுக்கு இறுதியில் வழிவிட்டதால்தான் நம் மலையிலும் ஒரு பள்ளி எழுந்தது.

ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. நம்மிடம் உள்ள சிறு சுடரை நமக்கு அடுத்திருப்பவளுக்கு இன்றே கொடுப்போமாக!