கலக்குட்டாவின் குரல்

நுழையும்முன்

ஆட்சியாளரைப் பாட்டால் கேள்வி கேட்ட கலைஞர்கள் பல நாடுகளிலும் இருந்திருக்கின்றனர். அவர்களுள் சிலர் புகழ் பெற்றனர். சிலர் சிறை சென்றனர். மிகச் சிலர் இரண்டையும் ஒருசேர அடைந்தனர். நைஜீரியாவின் ஃபெலா அனிகுலாப்போ குட்டி அத்தகையோருள் ஒருவர். அஃப்ரோபீட் என்னும் இசைவகையை உருவாக்கி, எளிய மக்கள் சந்தையில் பேசும் மொழியில் பாடி, அதற்குப் பெருவிலை கொடுத்த அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் குடும்பமும்

நைஜீரியாவின் தென்மேற்கில் யொருபா மக்கள் வாழும் பகுதியில் அமைந்த நகரம் அபேயோகுட்டா. நாடு ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1938ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஃபெலா அங்குப் பிறந்தார். தந்தை இஸ்ரேல் ரான்சம் குட்டி கிறித்தவச் சமயகுரு, பள்ளித் தலைமையாசிரியர், நைஜீரிய ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவர். தந்தைவழிப் பாட்டனார் யொருபா மொழியில் சமயப் பாடல்களை இயற்றி, லண்டனில் இசைத்தட்டுகளில் பாடிப் பதிவு செய்தவர். எனவே, இசையும் கல்வியும் ஒழுங்கும் அவ்வீட்டில் ஒருங்கே நிலவின.

தாய் ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி, நைஜீரியப் பெண்களின் உரிமைக்காகப் போராடிய முன்னோடி. ஆங்கில அரசின் சார்பில் பெண்களிடம் தனியே வரி தண்டப்பட்டதை எதிர்த்து, அபேயோகுட்டாவின் சந்தை வணிகப் பெண்களை அவர் ஒன்று திரட்டினார். ஆயிரக்கணக்கான பெண்கள் அந்நகர மன்னரின் அரண்மனைமுன் கூடிப் போராடினர். 1949ஆம் ஆண்டு மன்னர் அரியணை நீங்கி ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதிகாரத்தை எதிர்த்து எளியவர் கூடினால் என்ன நிகழும் என்பதைச் சிறுவன் ஃபெலா தன் வீட்டு முற்றத்திலேயே கண்டு வளர்ந்தான்.

மருத்துவம் கருதிச் சென்று இசை கற்றவர்

ஃபெலாவின் உடன்பிறந்தோரான ஒலிகோயேவும் பெக்கோவும் மருத்துவராயினர். ஃபெலாவும் மருத்துவம் பயில்வதற்காகவே 1958இல் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். ஆனால், அங்கு அவர் டிரினிட்டி இசைக்கல்லூரியில் சேர்ந்தார். பகலில் மேலை நாட்டுச் செவ்வியல் இசையை முறைப்படி பயின்றார். இரவில் ஜாஸ் இசைக்கூடங்களில் காதைத் தீட்டிக்கொண்டார். நண்பர்களுடன் 'கூலா லோபிட்டோஸ்' என்னும் இசைக்குழுவை அமைத்து டிரம்பெட் வாசித்தார்.

1960இல் நைஜீரியா விடுதலை பெற்றது. 1963இல் ஃபெலா நாடு திரும்பி, சில காலம் நைஜீரிய ஒலிபரப்புக் கழகத்தில் பணியாற்றினார். அந்நாளில் மேற்கு ஆப்பிரிக்க நகரங்களில் 'ஹைலைஃப்' என்னும் துள்ளலிசை பெருவழக்காக இருந்தது. அதனோடு ஜாஸ் இசையைக் கலந்து அவர் புதுவழி தேடினார். டோனி ஆலன் என்னும் ஒப்பற்ற டிரம்ஸ் கலைஞர் அவருடன் இணைந்தார். எனினும், தமக்கே உரிய குரலை ஃபெலா அப்போது கண்டடையவில்லை.

திருப்புமுனை

1969ஆம் ஆண்டு ஃபெலா தம் குழுவினருடன் அமெரிக்கா சென்றார். கறுப்பின மக்கள் தம் உரிமைக்காகக் கிளர்ந்தெழுந்திருந்த காலம் அது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சாண்ட்ரா ஸ்மித் என்னும் பெண்மணி அவருக்கு அறிமுகமானார். அவர் வழியாகக் கறுப்பின விடுதலை இயக்கத்தின் கருத்துகளையும் மால்கம் எக்ஸின் வாழ்க்கை வரலாற்றையும் ஃபெலா அறிந்தார். ஆப்பிரிக்காவில் பிறந்த தமக்கு ஆப்பிரிக்காவின் வரலாற்றை அயல்நாட்டில் ஒருவர் கற்பிக்க வேண்டியிருந்ததை எண்ணி அவர் நாணினார். அந்த நாணமே அவருடைய கலையின் திருப்புமுனையாயிற்று.

தாயகம் திரும்பிய ஃபெலாவின் இசை உருமாறியது. யொருபா மக்களின் தாளங்கள், ஹைலைஃப், ஜாஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஃபங்க் இசை ஆகியவை கலந்த அஃப்ரோபீட் முழுவடிவம் பெற்றது. டிரம்ஸ் தாளத்தை விரிக்கும். கித்தார்கள் சிறு சிறு இசைத்துணுக்குகளைத் திரும்பத் திரும்ப மீட்டும். காற்றுக்கருவிகள் ஓங்கி முழங்கும். நெடுநேரக் கருவியிசைக்குப் பின்னரே ஃபெலா பாடத் தொடங்குவார். அவர் ஓரடி பாட, பெண்கள் குழு மறுமொழியாக ஓரடி பாடும். ஒரு பாடல் பத்து நிமிடம் முதல் அரை மணிநேரம் வரை நீளும். வானொலிக்காகத் தம் பாடலைச் சுருக்க அவர் ஒருபோதும் இசைந்ததில்லை.

மக்கள் மொழி

நைஜீரியாவில் நூற்றுக்கணக்கான மொழிகள் பேசப்படுகின்றன. யொருபாவில் பாடினால் பிற இனத்தார்க்குப் புரியாது. பள்ளி ஆங்கிலத்தில் பாடினால் கற்றோர்க்கு மட்டுமே எட்டும். துறைமுகத் தொழிலாளியும் சந்தை வணிகரும் பேருந்து நடத்துநரும் தமக்குள் பேசிக்கொள்வது பிட்ஜின் என்னும் கலப்பு ஆங்கிலம். கற்றோர் அதனைக் கொச்சை என்று ஒதுக்கினர். லண்டனில் பயின்ற ஃபெலா, அம்மொழியையே தம் பாடல்மொழியாகத் தேர்ந்தெடுத்தார். அதனால் அவருடைய பாடல் இன எல்லையைக் கடந்தது; கானா, சியரா லியோன் முதலிய பிற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் பொருள் விளங்கிற்று.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களும் அன்றாட வாழ்விலிருந்தே பிறந்தன. வெயில் கொளுத்தும் நாட்டில் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து பெருமை பேசுவோரை 'ஜென்டில்மேன்' என்னும் பாடலில் எள்ளினார். தோலை வெளுக்கச் செய்யும் பசைகளைப் பூசிக்கொள்ளும் வழக்கத்தை 'யெல்லோ ஃபீவர்' என்னும் பாடலில் கண்டித்தார். அடிமைக் காலத்தின் சுவடு என்று கருதித் தம் பெயரிலிருந்த 'ரான்சம்' என்னும் பகுதியையும் நீக்கினார். அதற்கு மாறாக அவர் சூடிக்கொண்ட 'அனிகுலாப்போ' என்னும் யொருபாப் பெயர், சாவைத் தன் பையில் வைத்திருப்பவர் எனப் பொருள்படும்.

கலக்குட்டாக் குடியரசு

1966 முதல் நைஜீரியா இராணுவ ஆட்சியின்கீழ் இருந்தது. எண்ணெய் வளத்தால் பெரும்பொருள் குவிந்தபோதிலும் அது எளியோரைச் சென்றடையவில்லை. ஃபெலாவின் பாடல்கள் ஊழலையும் அடக்குமுறையையும் வெளிப்படையாகச் சாடின. 1974இல் காவல்துறை அவரைக் கைது செய்தது. அவர் அடைபட்டிருந்த சிறையறையைக் கைதிகள் 'கலக்குட்டா' என அழைத்தனர். நம் நாட்டின் கல்கத்தா நகரப் பெயரின் திரிபே அது. விடுதலையானபின் ஃபெலா, லாகோஸ் நகரில் தம் குழுவினரும் உறவினரும் கூடி வாழ்ந்த வீட்டுக்கு அப்பெயரையே சூட்டி, அதனைக் 'கலக்குட்டாக் குடியரசு' என அறிவித்தார். அங்கு ஓர் இலவச மருத்துவமனையும் ஒலிப்பதிவுக்கூடமும் இயங்கின.

1976இல் 'ஜாம்பி' என்னும் பாடல் வெளிவந்தது. கட்டளையிட்டால் நடந்து, கட்டளையிட்டால் கொன்று, தாமாகச் சிந்திக்க மறந்த படைவீரர்களை அப்பாடல் நடைபிணங்களுக்கு ஒப்பிட்டது. தெருவெங்கும் மக்கள் அதனைப் பாடினர். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்கக் கலை விழா ஒன்றை அரசு லாகோசில் பெருஞ்செலவில் நடத்தியது. ஃபெலா அதனைப் புறக்கணித்து, 'ஷ்ரைன்' என்னும் தம் இசைக்கூடத்தில் நாள்தோறும் பாடினார். விழாவுக்கு வந்த அயல்நாட்டுக் கலைஞர்கள் பலர் அவரைத் தேடி அங்கு வந்தனர். அரசின் சினம் எல்லை கடந்தது.

பிப்ரவரி 18, 1977

அன்று ஏறத்தாழ ஆயிரம் படைவீரர்கள் கலக்குட்டாவைச் சூழ்ந்தனர். உள்ளே இருந்தோர் கொடுமையாகத் தாக்கப்பட்டனர். இசைக்கருவிகளும் ஒலிநாடாக்களும் அழிக்கப்பட்டன. வீடு தீக்கிரையாயிற்று. எழுபத்தாறு வயதான தாய் ஃபுன்மிலாயோ சாளரத்தின் வழியே கீழே வீசப்பட்டார். அக்காயங்களிலிருந்து அவர் மீளவில்லை; 1978ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் உயிர் நீத்தார். நிகழ்ந்ததை ஆராய்ந்த அரசு விசாரணைக் குழு, அடையாளம் தெரியாத படைவீரர்களே தீவைத்தனர் என்று கூறி முடித்துக்கொண்டது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

தாயின் இறப்புக்கு நீதி கிடைக்காத நிலையில் ஃபெலா தம் பாட்டையே வழக்காடு மன்றமாக்கினார். விசாரணைக் குழுவின் கூற்றையே தலைப்பாக வைத்து 'அன்னோன் சோல்ஜர்' என்னும் பாடலை இயற்றினார். 1979இல், ஒபாசாஞ்சோவின் இராணுவ ஆட்சி முடிவுறும் வேளையில், தாயின் நினைவாக ஒரு சவப்பெட்டியைச் சுமந்து சென்று, ஆட்சித்தலைவரின் இருப்பிடமான டோடன் படைமுகாமின் வாயிலில் வைத்தார். அந்நிகழ்வும் பின்னர்ப் பாடலாயிற்று. அவ்வாண்டே மக்கள் இயக்கம் என்னும் கட்சியைத் தொடங்கிக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க முயன்றார். கட்சிக்குப் பதிவு மறுக்கப்பட்டது.

சிறையும் முரண்களும்

1984இல் அமெரிக்க இசைப்பயணத்துக்குப் புறப்பட்ட ஃபெலா லாகோஸ் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அயல்நாட்டுப் பணத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக எடுத்துச் சென்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பன்னாட்டு மன்னிப்பு அவை அவரை மனச்சான்றுக் கைதி என அறிவித்தது. ஏறத்தாழ இருபது மாதங்களுக்குப் பின், 1986இல் விடுதலையானார்.

ஃபெலாவின் வாழ்வில் ஏற்கத்தகாத கூறுகளும் உண்டு. பெண்ணுரிமைப் போராளியின் மகனாகிய அவர், சமத்துவம் கோரிய நகரப் பெண்களை 'லேடி' என்னும் பாடலில் ஏளனம் செய்தார். 1978இல் ஒரே நிகழ்வில் இருபத்தேழு பெண்களை மணந்தார்; சிறையிலிருந்து மீண்டபின் அம்மணங்களை முறித்துக்கொண்டார். நாட்டின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர், வீட்டில் தாம் செலுத்திய அதிகாரத்தைக் கேள்விக்கு உட்படுத்தவில்லை. ஒருவருடைய அஞ்சாமையை மதிக்கும்போதே அவருடைய பிழையையும் பிழையென்று காண்பது வரலாறு பயில்வோர்க்கு உரிய கடமையாகும்.

மறைவும் மரபும்

1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஃபெலா மறைந்தார். மறுநாள், நாட்டின் முன்னாள் நலவாழ்வு அமைச்சரும் அவருடைய அண்ணனுமாகிய ஒலிகோயே, தம்பியின் இறப்புக்கு எய்ட்ஸ் நோயே காரணம் என்பதைப் பொதுமக்களுக்கு அறிவித்தார். அந்நோயின் பெயரைச் சொல்லவும் குடும்பங்கள் கூசிய காலம் அது. ஃபெலா தம் வாழ்நாளில் அந்நோயைப் பொருட்படுத்தவில்லை. அண்ணன் சொன்ன உண்மை எண்ணற்றோரை விழிக்கச் செய்தது. தம்பி பெக்கோவோ மனித உரிமைக்காகப் போராடியதன் பொருட்டு அப்போது சிறையில் இருந்தார். லாகோசில் நடைபெற்ற இறுதி ஊர்வலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர் என்பர்.

ஃபெலாவின் மக்களாகிய ஃபெமியும் சேயுனும் அவ்விசையைத் தொடர்ந்து வளர்த்து வருகின்றனர். 2000ஆம் ஆண்டு புதிய ஷ்ரைன் இசைக்கூடம் லாகோசில் எழுந்தது. அவர் இறுதிக்காலத்தில் வாழ்ந்த வீடு 2012 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. கலக்குட்டாவைத் தீயிட்டோர் யார் என்பதை அரசின் ஏடுகள் இன்றும் பெயரிட்டுச் சொல்வதில்லை. ஆனால், அந்த நாளில் நிகழ்ந்ததைச் சந்தைமொழியில் பாடி வைத்த பாடல் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

ஃபெலா உருவாக்கியது *அஃப்ரோபீட்*. இன்று உலகெங்கும் இளைஞர் விரும்பிக் கேட்கும் *அஃப்ரோபீட்ஸ்*, நைஜீரியா, கானா முதலிய நாடுகளில் இந்நூற்றாண்டில் வளர்ந்த துள்ளலிசைக்குரிய பொதுப்பெயர். முன்னதில் பாடல்கள் நீண்டவை, பெருங்குழு இசைப்பவை, அரசியல் பொருள் கொண்டவை. பின்னதில் பாடல்கள் குறுகியவை. பெரும்பாலும் கணினி வழி அமைக்கப்படுபவை. காதலும் கொண்டாட்டமும் மிகுந்தவை. இரண்டாம் வகையின் புகழ்பெற்ற பாடகர் பர்னா பாயின் பாட்டனார், ஒரு காலத்தில் ஃபெலாவின் இசைக்குழு மேலாளராகப் பணியாற்றியவர்.