கொடைக்கானலில் ஒரு காஷ்மீர்ச் சிங்கம்

பழனி அடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பாதை, வடகவுஞ்சிப் பக்கமாகச் சென்று, பெருமாள்மலையைத் தொட்டு, கொடைக்கானலை அடைகிறது. காப்பியும் மலைவாழையும் விளையும் இந்த மலைக்கு, கோடையிலே குளிர் தேடி வந்தோர் ஆயிரம் ஆயிரம். 1965-ஆம் ஆண்டிலே ஒருவர் வந்தார், அல்ல, கொண்டுவரப்பட்டார். குளிருக்குப் புதியவரல்லர் அவர். பனிமலை நாட்டிலே பிறந்தவர். கோகினூர் என்ற பங்களாவிலே அவரை வைத்தார்கள். வாசலிலே காவல். பார்க்க வருவோருக்கு அரசின் அனுமதி வேண்டும். ஊர் எல்லையை அவர் தாண்டக் கூடாது. பழனிப் பாதையிலே சில மைல் இறங்கினால் வடகவுஞ்சி. அந்தச் சிற்றூர்கூட அவருக்கு எட்டாத அயல்நாடாயிற்று!

ஆறடியைத் தாண்டிய உயரம், அகன்ற நெற்றி, காஷ்மீரத்துச் சிங்கம் என்று அவர் மக்கள் சூட்டிய பெயர். அவர்தான் ஷேக் முகமது அப்துல்லா.

வரப்புத் தகராறோ வாய்க்கால் தகராறோ, ஊர்ப் பஞ்சாயத்து கூடினால் இரு தரப்பாரையும் உட்கார வைத்துத்தான் பேசுவார்கள். ஒருவனைக் கொட்டடியிலே பூட்டிவிட்டு, மற்றவனை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அதைப் பஞ்சாயத்து என்று எவரும் ஒப்பமாட்டார். நாட்டுக்கு நாடு மூளும் பூசலுக்கும் நீதி அதுதான். நாமறிந்த இந்த எளிய உண்மையை டில்லி அறிந்துகொள்ள எத்தனை ஆண்டு ஆயிற்று? அப்துல்லாவின் வாழ்வு அதைச் சொல்லும். போர், உலக மன்றம், சிறை, பேச்சு என்று பூசல் தீர்க்கும் வழிகள் அத்தனையும் அந்த ஒரு மனிதரின் தலை மீது சோதித்துப் பார்க்கப்பட்டன.

சால்வை வணிகர் வீட்டுப் பிள்ளை

1905 டிசம்பர் 5-ஆம் நாள், சீநகரை அடுத்த சௌரா என்ற ஊரிலே பிறந்தார் அப்துல்லா. தந்தை சால்வை வணிகர். மகன் முகம் காணுமுன்பே கண்மூடிவிட்டார். இல்லாமையோடு போராடிப் படித்து, லாகூர் சென்று, அலிகார் பல்கலைக்கழகத்திலே வேதியியலில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றுத் திரும்பியது 1930-இல். கிடைத்தது பள்ளி ஆசிரியர் வேலை.

அன்றைய காஷ்மீரம் எப்படி இருந்தது? 1846-இல் வெள்ளையர் அந்தப் பள்ளத்தாக்கை, மக்களோடு சேர்த்து, 75 இலட்சம் ரூபாய்க்கு டோக்ரா மன்னர் குலாப் சிங்கிடம் விற்றிருந்தனர். விலைக்கு வாங்கிய வீட்டிலே குடியிருப்போரைக் கேட்கவா செய்வார்கள்! உழுதவன் வயிறு ஒட்டியது. உட்கார்ந்திருந்தவன் களஞ்சியம் நிரம்பியது. பெரும்பான்மையினரான முஸ்லிம்களுக்கு அரசுப் பதவிகளிலே இடம் அரிது. 1931 சூலை 13-ஆம் நாள் சீநகர்ச் சிறையின் முன் கூடிய கூட்டத்தின் மீது குண்டு பாய்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசிரியர் அப்துல்லா, அரசியல் தலைவர் அப்துல்லாவாக மாறியது அந்தக் குருதியின் ஈரம் காயுமுன்பே.

1932-இல் அவர் முன்னின்று அமைத்தது முஸ்லிம் மாநாடு. ஆனால் ஏழை என்பவன் எல்லா மதத்திலும் இருக்கிறானே! பண்டிதருக்கும் சீக்கியருக்கும் கதவடைத்துவிட்டு மன்னராட்சியை எதிர்ப்பது எங்ஙனம்? 1939-இல் அந்த அமைப்பே தேசிய மாநாடு என்று பெயர் மாறிற்று. எல்லா மதத்தாருக்கும் கதவு திறந்தது. மனம் ஒப்பாத சிலர் பிரிந்து சென்று பழைய பெயரிலேயே கட்சி நடத்தினர். பிளவு நேரும் என்று தெரிந்தே அந்த அடியை எடுத்து வைத்தார் அவர். 1944-இல் புதிய காஷ்மீரம் என்ற திட்டத்தை வெளியிட்டார். 1946-இல் மன்னரே வெளியேறுக என்று கிளர்ச்சி தொடுத்தார்; மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நண்பருக்காகக் காஷ்மீர் சென்ற பண்டித நேருவையும் மன்னர் அரசு பிடித்து வைத்தது.

போரும் உலக மன்றமும்

1947 செப்டம்பர் இறுதியில் விடுதலையானார். அக்டோபர் 22-இல் பாகிஸ்தான் பக்கமிருந்து படை புகுந்தது. 26-ஆம் நாள் மன்னர் அரி சிங் இந்தியாவோடு இணைப்பு ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டார். மன்னர் சீநகரை விட்டுச் சென்றுவிட, மக்களைத் திரட்டி நின்றவர் அப்துல்லா. மதத்தின் பேரால் வந்த அழைப்பை மறுத்து, மதச்சார்பற்ற இந்தியாவை நம்பிக் கை கொடுத்தார். இந்த ஒன்றை வரலாறு மறக்கலாகாது.

பூசல் ஐக்கிய நாடுகள் மன்றத்துக்குப் போயிற்று. 1948 தொடக்கத்திலே அங்கு சென்ற இந்தியக் குழுவின் தலைவர் ஒரு தமிழர், என். கோபாலசாமி அய்யங்கார். குழுவிலே அப்துல்லாவும் ஒருவர். விந்தை பாரீர்! 1937 முதல் 1943 வரை காஷ்மீர் மன்னரின் பிரதம அமைச்சராக இருந்தவர் இந்தக் கோபாலசாமிதான். எந்த ஆட்சியை எதிர்த்து அப்துல்லா முழங்கினாரோ, அந்த ஆட்சியின் அமைச்சரும் அவரும் ஒரே மேசையிலே! அரசியல் சட்டத்தின் 370-ஆவது பிரிவாகப் பின்னர் அமைந்த விதியை 1949 அக்டோபர் 17-இல் அரசியல் நிர்ணய மன்றத்திலே முன்மொழிந்தவரும் அதே கோபாலசாமிதான்.

உலக மன்றம் என்ன சாதித்தது? 1949 சனவரி முதல் நாள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அது பெரிது. அதற்குமேல் நடக்கவில்லை. ஓவன் டிக்சன் வந்தார், பிராங்க் கிரகாம் வந்தார், குன்னர் யாரிங் வந்தார். அறிக்கைகள் மிஞ்சின. அடிதடியை விலக்க அயலார் போதும். மனத்தை இணைக்கச் சம்பந்தப்பட்டவர்களே உட்கார வேண்டும் என்பதுதான் அந்த ஆண்டுகள் தந்த பாடம்.

ஆட்சியிலே அப்துல்லா செய்த அருஞ்செயல் நிலச் சீர்திருத்தம். 1950-ஆம் ஆண்டுச் சட்டம் 182 கனால், அதாவது 22¾ ஏக்கர், என்று உச்சவரம்பு கட்டியது. மிஞ்சிய நிலம் உழுதவனுக்கு. மிராசுக்கு நட்டஈடு ஒரு காசுகூட இல்லை! மற்ற மாநிலங்களிலே ஜமீன்தாருக்கு இழப்பீடு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

குறையே இல்லாத மனிதரா அவர்? இல்லை. 1951 தேர்தலிலே 75 இடங்களும் அவர் கட்சிக்கே, பெரும்பாலானவை போட்டியின்றி! எதிர்க்கட்சி மூச்சுவிட இடமில்லை. 1953-இல் தடையை மீறி நுழைந்த சியாமா பிரசாத் முகர்ஜியை அவருடைய அரசு காவலில் வைத்தது. சூன் 23-இல் முகர்ஜி காவலிலேயே மறைந்தார். மாற்றானைப் பூட்டி வைக்கும் வழியை அப்துல்லாவும் கையாண்டார். ஆறு வாரத்திலே அதே பூட்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்தது.

சிறை என்ற மருந்து

1952 சூலையிலே டில்லி உடன்பாடு. மாநிலத்துக்குத் தனிக்கொடி, தானே தேர்ந்தெடுக்கும் தலைவர், எஞ்சிய அதிகாரங்கள் மாநிலத்துக்கே. மை உலர்வதற்குள் ஐயம் வளர்ந்தது. ஜம்முவிலே எதிர்ப்புக் கிளர்ச்சி. அப்துல்லாவின் பேச்சிலே தனிநாட்டு வாடை வீசுவதாக டில்லிக்குக் கலக்கம். 1953 ஆகஸ்டு 8 இரவு, அமைச்சரவையின் நம்பிக்கையை இழந்தார் என்று காரணம் காட்டிப் பதவி பறிக்கப்பட்டது. சட்டமன்றத்திலே பெரும்பான்மையைக் காட்ட அவருக்கு வாய்ப்பே தரவில்லை. அடுத்த நாள் விடியலில் குல்மார்க்கிலே கைது. நாற்காலியிலே அமர்ந்தவர் அவருடைய துணைவர் பக்ஷி குலாம் முகமது.

அன்று தொடங்கிய சிறை, 1958-இல் நாலு மாதம்கூட நிறையாத ஓர் இடைவெளி நீங்கலாக, 1964 ஏப்ரல் வரை நீண்டது. சதி வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது, தீர்ப்பு வரவில்லை, வழக்குத்தான் திரும்பப் பெறப்பட்டது. அவரைப் பூட்டியதால் காஷ்மீரப் பிரச்சினை பூட்டிக்கொண்டதா? 1963 டிசம்பரில் அசரத்பால் பள்ளிவாசலின் புனித ரோமம் காணாமற்போனபோது பள்ளத்தாக்கே தெருவுக்கு வந்ததே! பக்ஷிகளால் ஆளமுடியும், பேசமுடியாது என்பதை டில்லி அப்போதுதான் கண்டது.

வெளியே வந்த அப்துல்லாவைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார் நேரு. சென்னைக்கு வந்து ஆச்சாரியாரைச் சந்தித்தார் அப்துல்லா. பாகிஸ்தானுக்கு இந்தியத் தூதராக இருந்த ஜி. பார்த்தசாரதி முதலானோர் வழிவகைகளை ஆய்ந்தனர். 1964 மே மாதம் அப்துல்லா பாகிஸ்தான் சென்றார். அயூப் கானும் டில்லி வந்து நேருவோடு பேச இசைந்தார். மே 27, முசாபராபாத்திலே இருந்தார் அப்துல்லா. நேரு மறைந்தார் என்று செய்தி வந்தது. கதறி அழுது திரும்பினார். கனிந்து வந்த காய் காம்போடு உதிர்ந்தது.

1965-இல் ஹஜ் பயணம் சென்றவர், வழியிலே அல்ஜியர்சில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். சீனப்போரின் புண் ஆறாத நேரம், டில்லியிலே கொந்தளிப்பு. மே 8-ஆம் நாள் விமானத்தை விட்டு இறங்கியதும் கைது. முதலில் உதகை, பிறகு, அன்றைய மதுரை மாவட்டத்துக் கொடைக்கானல்.

அதே 1965-இல், இந்தித் திணிப்பை எதிர்த்து நம் நாட்டு மாணவர்களும் தலைவர்களும் சிறை புகுந்த செய்தியை எவர் மறப்பர்? மொழி கேட்டவனுக்கும் சிறை, உரிமை கேட்டவனுக்கும் சிறை! நம்மவர் எழுப்பிய குரலுக்கு 1967-இல் வாக்குச்சீட்டு விடை தந்தது. காஷ்மீரத்தானுக்கு அந்த வழி அன்று திறக்கவில்லை.

கோகினூரின் சாளரத்தருகே அவர் காவலிலிருந்த அந்த நாட்களிலேதான் காஷ்மீரத்தின் பேரால் இரண்டாம் போர் மூண்டது. ஆகஸ்டிலே ஊடுருவல், செப்டம்பரிலே டாங்கிகள், 23-இல் போர்நிறுத்தம். 1966 சனவரியிலே சோவியத் நாடு நடுவராக நின்று தாஷ்கண்டில் ஒப்பந்தம். படைகள் பழைய இடத்துக்கே திரும்பின. சிந்திய குருதி திரும்பவில்லை. இரு நாடுகளும் எவர் மண்ணுக்காக மோதினவோ, அந்த மண்ணின் தலைவர் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்! 1967-இல் டில்லிக்கு மாற்றி, 1968 சனவரியில் விட்டார்கள்.

தமிழர் ஒருவர் பேசிய பேச்சு

வங்க தேசம் பிறந்தது. 1972-இல் சிம்லா உடன்பாடு வந்தது. இனிப் பேசலாம் என்று இந்திரா காந்தி அனுப்பியவர், கோபாலசாமியின் திருமகன் ஜி. பார்த்தசாரதி. இந்தோசீனத்தின் அமைதி ஆணையத்திலே பழகிய கை. இந்து ஏட்டிலே எழுதிய பேனா. பேசாமல் காரியம் முடிக்கும் இயல்பு. அப்துல்லாவின் பக்கம் மிர்சா அப்சல் பேக். தந்தை வகுத்த விதியைப் பற்றி மகன் பேசினார்.

அவர்கள் கையாண்ட முறை கருதத்தக்கது. கூட்டம் போடவில்லை, ஏடுகளிலே ஏசிக்கொள்ளவில்லை. தலைவர்கள் முட்டிக்கொள்ளாமல், அவர்களின் நம்பிக்கைக்குரியவர்கள் ஒவ்வொரு விதியாக எடுத்துப் பேசினர். ஒத்ததை ஒத்தது என்று எழுதினர்; ஒவ்வாததை மூடி மறைக்கவில்லை. முதலமைச்சர், ஆளுநர் என்ற பதவிப் பெயர்களிலே உடன்பாடு இல்லை, அதைத் தலைவர்களே முடிவு செய்யட்டும் என்று அந்த ஆவணமே ஒப்புக்கொண்டது. 1974 நவம்பர் 13-இல் கையெழுத்து. 1975 பிப்ரவரியில் அப்துல்லா முதலமைச்சர். சட்டமன்றத்திலே அவருக்கென்று ஓர் உறுப்பினர்கூட இல்லாத நிலையில், காங்கிரசு தந்த ஆதரவிலே! 1977 தேர்தலிலோ மக்களே அள்ளித் தந்தார்கள்.

வென்றவர் யார்? பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையை அப்துல்லா கைவிட்டார். 370 நீடித்தது, ஆனால் 1953-க்குப் பின் உள்ளே நுழைந்த மத்தியச் சட்டங்களும் நீடித்தன. பிரதம அமைச்சராகச் சிறை புகுந்தவர் முதலமைச்சராகத் திரும்பினார். 22 ஆண்டு காத்திருந்து பெற்றது, 1953-இல் கையிலே இருந்ததைவிடக் குறைவு. டில்லிக்கும் இலாபம் என்ன? அன்றே பேசியிருந்தால் கசப்பில்லாமல் கிடைத்திருக்கக் கூடியதை, ஒரு தலைமுறையின் வெறுப்பை விலையாகக் கொடுத்து வாங்கினார்கள்.

1982 செப்டம்பர் 8-இல் அப்துல்லா மறைந்தார். அவர் மகன் பரூக்கின் ஆட்சியை 1984-இல் கவிழ்த்தனர். 1987 தேர்தலிலே மோசடி என்ற முழக்கம். 1989 முதல் துப்பாக்கி. இரண்டு மனிதர்கள் தந்த வாக்கை, பின்வந்தோர் காப்பாற்றாவிட்டால் தாளுக்கு மதிப்பேது? அதே பார்த்தசாரதி 1983 கலவரத்துக்குப் பின் இலங்கைக்கும் சென்று, இணைப்பு சி என்ற திட்டத்தை உருவாக்கினார். செயவர்த்தனா அதைச் செயலாக்கவில்லை. நம் இனம் கொடுத்த விலையை நாடறியும்.

2019 ஆகஸ்டு 5-இல் 370-ஐ டில்லி செயலிழக்கச் செய்தது. மாநிலத்தை இரு யூனியன் பிரதேசங்களாக வெட்டியது. அப்துல்லாவின் மகன் பரூக்கும் பெயரன் உமரும் காவலில் வைக்கப்பட்டனர். 2021 சூன் 24-இல் அதே இருவரையும் பிரதமர் தம் மேசைக்கு அழைத்துப் பேசினார். 2024 அக்டோபரில் மக்கள் வாக்களித்து உமரை முதலமைச்சராக்கினர். மாநிலத்துக்கு அல்ல, யூனியன் பிரதேசத்துக்கு. பூட்டு, பிறகு பேச்சு. பாட்டனுக்கு நடந்ததே பெயரனுக்கும்!

மாநிலத்தின் உரிமை என்பது டில்லி போடும் பிச்சையல்ல. பேசிச் செய்துகொண்ட உடன்படிக்கை. உடன்படிக்கையை மாற்ற வேண்டுமானாலும், மறுதரப்பு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். இது காஷ்மீரத்துக்கு மட்டும் உரிய நீதியன்று. கன்னியாகுமரி வரைக்கும் உரியது. நாட்டுத் தலைவர்களுக்கு மட்டுமன்று, ஆலையிலே தொழிலாளியோடு முட்டும் முதலாளிக்கும், கட்சியிலே தோழனோடு முரணும் தலைவனுக்கும் உரியது. யாரை நம்பி மக்கள் நிற்கிறார்களோ அவரோடு பேசு, காலத்தே பேசு, பேசியதைக் காப்பாற்று. இந்த மூன்றையும் தவறவிட்டவர்கள், கொடைக்கானலிலே எத்தனை பங்களாக்களுக்குக் காவல் போட்டாலும் காஷ்மீரத்திலே அமைதியைக் காணமுடியாது.