விளக்கெண்ணெய்க்குக் கணக்குப் பார்த்த குமரப்பா

நாட்டுக்கு உழைத்த நல்லோர் பலரை நாம் அறிவோம். குடிசையின் விளக்கில் எந்த எண்ணெய் எரிய வேண்டும் என்று கணக்குப் பார்த்த அறிஞர் ஒருவரும் நம் தமிழகத்தில் தோன்றினார். அவரே ஜே. சி. குமரப்பா.

இவர் 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றார். பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் புரிந்தார். பின்னர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் மேனாட்டு உடையையும் வருவாயையும் துறந்து கதர் உடுத்தினார். 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளராகி, வார்தாவிலுள்ள மகன்வாடியில் தங்கி உழைத்தார்.

அக்காலத்தில் சிற்றூர்களில் மண்ணெண்ணெய் விளக்கு பரவியிருந்தது. அதன் விலை மட்டுமே அதன் செலவாகாது என்பது குமரப்பாவின் கணக்கு. மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த காசு ஊரைவிட்டுப் போய்விடும். தாவர எண்ணெயானாலோ செக்காட்டுபவருக்குப் பிழைப்பு, மாட்டுக்கும் வயலுக்கும் பிண்ணாக்கு. ஆகவே தாவர எண்ணெயில் எரியும் 'மகன்தீபம்' என்னும் விளக்கு மகன்வாடியில் உருவாயிற்று. நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறைபவை. காடும் பயிரும் பேணினால் குறையாதவை. இதனை அவர் சிறையில் எழுதி, 1945-இல் வெளிவந்த நூலில் விளக்கினார். எனினும் உணவு விளையும் நிலத்தை ஆலைப் பயிருக்குக் கொடுப்பதை அவர் ஏற்கவில்லை.

இன்று எங்கள் தாம்பரத்தில் ஓடும் வண்டிகளிலும் எத்தனால் கலந்த பெட்ரோலே எரிகிறது. அவருடைய அளவுகோலை நாமும் வைத்துப் பார்ப்போம். கரும்பு ஏறத்தாழ ஓராண்டு வயலில் நின்று நீரை மிகுதியாகக் குடிக்கிறது. ஆனால் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் வடித்தால் அதற்கெனத் தனி நிலம் வேண்டாம். மக்காச்சோளமும் அரிசியும் உணவுப் பண்டங்கள். புங்க எண்ணெய் உணவுக்கு உதவாது, மரமும் வரப்போரத்தில் வளரும். ஆனால் விதை பொறுக்கும் கூலி அதிகம். வறட்டியாக எரித்தால் சாணத்தின் உரம் வீணாகும். சாண எரிவாயுக் கலத்தில் இட்டாலோ அடுப்பும் எரியும், உரமும் கிடைக்கும்.

தம் இறுதி ஆண்டுகளைக் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்த குமரப்பா, காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ஆம் நாளில், 1960-இல் காலமானார்.

எரிபொருள் மலிவா என்று கேட்பதோடு நில்லாமல், அது யாருடைய சோற்றையும் நீரையும் எடுக்கிறது என்றும் கேட்கக் கற்போமாக!